வளர்ப்புப் பிராணிகளைப் பற்றி ஸ்பானிய மொழியில் பேசப் பழகுவது எப்படி?

ஸ்பானிய மொழியைக் கற்கத் தொடங்குபவர்களில் பலர் விமான நிலையம், விடுதி, உணவகம் என்ற வரிசையில்தான் சொற்களை மனப்பாடம் செய்கிறார்கள். அந்த இடங்களில் நடக்கும் பேச்சு இரண்டு மூன்று வாக்கியங்களோடு முடிந்துவிடுவதால், கற்ற சொற்கள் நாவில் நிலைப்பதற்குள் மறந்தும் போகின்றன. வளர்ப்புப் பிராணியைப் பற்றிய பேச்சு அவ்வளவு சீக்கிரம் முடிவதில்லை. நாயோடு நடந்துவரும் ஒருவரிடம் அதன் பெயரைக் கேட்டுவிட்டால், வயது, இனம், குணம், பிடித்த உணவு, பட்ட நோய், செய்த சேட்டை என்று அவரே தொடர்ந்து சொல்லிக்கொண்டு போவார். அவர் பேச்சில் அன்றாட வாழ்க்கைக்கு வேண்டிய வினைச்சொற்களில் பெரும்பாலானவை வந்துவிடும். ஸ்பானிய மொழி 20 நாடுகளின் ஆட்சிமொழி என்பதால், இந்தப் பேச்சைப் பழகிப் பார்க்க ஆட்களுக்கும் பஞ்சமில்லை.

தமிழ் பேசுபவர்களுக்கு இந்தத் தலைப்பில் தனியான ஒரு வசதியும் உண்டு. ஸ்பானிய ஒலிகளில் பலவும், பிராணிகளைப் பற்றிப் பேசும்போது வரும் முக்கியமான வாக்கிய அமைப்புகள் இரண்டும், ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கு நெருக்கமானவை. ஆகவே ஆங்கிலத்தில் யோசித்து அதை ஸ்பானியத்துக்கு மாற்றும் பழக்கத்தை முதல் நாளிலேயே விட்டுவிட்டு, தமிழிலிருந்து நேரடியாகப் போவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் கீழே சொல்கிறேன்.

முதலில் ஒலிகள்

நாய்க்கு ஸ்பானியச் சொல் பேறோ. பேரோ என்று சொன்னால் அது 'ஆனால்' என்று பொருள்படும் வேறொரு சொல். எழுத்தில் ஒரே ஒரு ஆர் வந்தால் நம் இடையின ரகரம். இரண்டு ஆர் சேர்ந்து வந்தால் வல்லின றகரம், அதுவும் நாக்கு நுனி பல முறை அதிரும்படி அழுத்தமாக. இன்றைய பேச்சுத்தமிழில் ர, ற வேறுபாடு பெரும்பாலும் மங்கிவிட்டது; ஆனாலும் 'விர்ரென்று பறந்தது', 'டர்ரென்று கிழிந்தது' என்று சொல்லும்போது நம் நாக்கு அந்த அதிர்வைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. 'விர்ர்ர்' என்பதைச் சற்று நீட்டிச் சொல்லிப் பார்த்து, நாக்கு மேலண்ணத்தின் எந்த இடத்தில் அதிர்கிறது என்று கவனித்து, அதே இடத்தில் வைத்துப் 'பேறோ' என்று சொல்லுங்கள். சொல்லின் முதலில் ஒரே ஆர் வந்தாலும் அது றகரம்தான்: இனம் என்பதற்கான றாஸா என்ற சொல் அப்படித்தான் தொடங்குகிறது. றகரத்தில் தொடங்கும் சொல் தமிழில் இல்லாததால் இதற்குக் கொஞ்சம் கூடுதல் பயிற்சி வேண்டும்.

உயிர்களுக்கு நடுவே வரும் தகரமும் ககரமும் தமிழில் மென்மையாக ஒலிப்பதை அறிவோம். 'அது', 'அகம்' என்ற சொற்களில் இருப்பது அந்த ஒலிதான். ஸ்பானியத்தின் டி (d), ஜி (g) எழுத்துகள் இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும்போது இதே மென்மையைப் பெறுகின்றன. கீழே நான் எழுதும் சொற்களில், நடுவில் ஒற்றை எழுத்து வந்தால் மென்மையாகவும், 'காத்தோ' என்பதைப் போல இரட்டித்து வந்தால் வன்மையாகவும் படியுங்கள். அழுத்தம் விழும் அசையைக் காட்டவே நெடிலை எழுதியிருக்கிறேன். ஸ்பானியத்தில் குறில், நெடில் வேறுபாடு கிடையாது, உயிரொலிகள் ஐந்தே. பூனையைக் குறிக்கும் காத்தோவின் முதல் ககரம் 'குரு' என்பதில் உள்ளதுபோல் மென்மையானது என்பதை மட்டும் தனியாக நினைவில் வையுங்கள்.

எச் எழுத்து பொதுவாக ஒலிப்பதில்லை. ஹாம்ஸ்தெர் போன்ற இரவல் சொற்கள் விதிவிலக்கு. ஜே எழுத்துக்குத் தொண்டையிலிருந்து வரும் ஹகரம்: முயல் கொனேஹோ, பறவை பாஹரோ. இரண்டு எல் சேர்ந்தால் பல நாடுகளில் யகரமாகவும், புவெனஸ் அயர்ஸ் பகுதியில் ஷகரமாகவும் கேட்கும். ஸெட் எழுத்து லத்தீன் அமெரிக்காவில் ஸகரம். ஸ்பெயினின் பெரும்பகுதியில் நாக்கைப் பற்களுக்கு இடையே வைத்துச் சொல்லும் ஒலி. வி (v), பி (b) இரண்டுக்கும் ஒலி ஒன்றே, சொல்லின் முதலில் இரண்டும் மென்மையான பகரம். மேலே நெளிகோடு போட்ட என் எழுத்து நம் ஞகரம். இது ஒன்றை மட்டும் அலட்சியம் செய்யக் கூடாது. வயதைச் சொல்ல உதவும் ஆஞோஸ் என்ற சொல்லை ஆனோஸ் என்று சொல்லிவிட்டால், சபையில் சொல்லக் கூசும் உடலுறுப்பின் பெயராகிவிடும்.

கேட்பதும் பதில் சொல்வதும்

வளர்ப்புப் பிராணிக்குப் பொதுச்சொல் மஸ்கோத்தா. 'உன்னிடம் வளர்ப்புப் பிராணி இருக்கிறதா?' என்பதற்குத் தியேனெஸ் மஸ்கோத்தாஸ்? என்று கேட்க வேண்டும். நீ, நீங்கள் என்ற வேறுபாடு ஸ்பானியத்திலும் இருக்கிறது. வயதில் மூத்தவரிடமோ அறிமுகமில்லாதவரிடமோ மரியாதையாகக் கேட்பதானால் தியேனே உஸ்தேத் மஸ்கோத்தாஸ்? என்பதே முறை. 'என்னிடம் ஒரு நாயும் இரண்டு பூனைகளும் இருக்கின்றன' என்ற பதில், தேங்கோ உன் பேறோ இ தோஸ் காத்தோஸ். எதுவும் இல்லையென்றால் நோ தேங்கோ மஸ்கோத்தாஸ்.

பூங்காவில் நடக்கக்கூடிய ஒரு சிறு உரையாடலை முழுதாகப் பார்ப்போம். நாயோடு நிற்பவரை நோக்கி நீங்கள் முதலில் கேட்க வேண்டியது, முவேர்தே? அதாவது, கடிக்குமா? அவர் நோ, நோ முவேர்தே என்று சொன்ன பிறகு, புவேதோ அக்கரிஸியார்லோ? என்று தடவிக்கொடுக்க அனுமதி கேளுங்கள். பெண் நாய் என்று தெரிந்தால் சொல்லின் முடிவு லா என்று மாறும். பிறகு கோமோ ஸெ யாமா? (இதன் பெயர் என்ன?) என்றால் ஸெ யாமா லூனா என்று பதில் வரலாம், நிலா என்று பொருள்படும் லூனா அங்கே நாய்க்கும் பூனைக்கும் மிகவும் விரும்பி வைக்கும் பெயர். எஸ் மாச்சோ ஓ ஏம்ப்ரா? என்பது ஆணா பெண்ணா என்ற கேள்வி. க்வான்த்தோஸ் ஆஞோஸ் தியேனே? என்று வயதைக் கேட்டால் தியேனே த்ரேஸ் ஆஞோஸ், அதாவது மூன்று வயது. தே கே றாஸா எஸ்? என்று இனத்தைக் கேட்டால் எஸ் மெஸ்தீஸோ என்று, கலப்பினம் என்பதைச் சொல்வார்கள். சிலி நாட்டவராக இருந்தால் அதையே வாஞ்சையோடு கீல்த்ரோ என்பார். விடைபெறும்போது கே போனீத்தா! (எவ்வளவு அழகு!) என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள், ஆண் நாயானால் கே போனீத்தோ!

வயதைச் சொல்லும் வாக்கியத்தில் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். நாம் 'நாய்க்கு மூன்று வயது' என்று நான்காம் வேற்றுமையில் சொல்வதை, ஸ்பானியர் 'நாய் மூன்று ஆண்டுகளை உடையது' என்ற பாங்கில் சொல்கிறார்கள். பசி, தாகம், பயம், தூக்கம் ஆகியவற்றுக்கும் இதே தியேனேதான் வரும்: தியேனே ஆம்ப்ரே (பசிக்கிறது), தியேனே ஸேத் (தாகமாக இருக்கிறது), தியேனே மியேதோ (பயப்படுகிறது), தியேனே ஸுவேஞோ (தூக்கம் வருகிறது). இங்கே மட்டும் தமிழ்ப் பழக்கத்தை ஒதுக்கி வைக்க வேண்டும்.

'கு' உருபும் 'ஐ' உருபும் செய்யும் உதவி

'என் பூனைக்கு மீன் பிடிக்கும்' என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் இதைச் சொல்லும்போது பூனை எழுவாயாகிறது. ஸ்பானியத்தில் அப்படியில்லை: அ மி காத்தோ லெ குஸ்தா எல் பெஸ்காதோ. அ மி காத்தோ என்றால் 'என் பூனைக்கு'. குஸ்தா என்றால் 'பிடிக்கும்'. எழுவாயாக நிற்பது மீன். (குஸ்தாவின் முதல் எழுத்தும் மென்மையானதே.) ஆங்கிலம் வழியாகக் கற்பவர்கள் இந்த அமைப்பைத் தலைகீழாகத் திருப்பித் திருப்பிப் பழகும்போது, தமிழர் சொல்லுக்குச் சொல் வைத்துக்கொண்டே போகலாம். பிடித்த பொருள் பன்மையானால் குஸ்தா, குஸ்தான் ஆகும் என்பது ஒன்றுதான் புதிது: மெ குஸ்தான் லோஸ் பேறோஸ், எனக்கு நாய்கள் பிடிக்கும்.

வலியும் இப்படித்தான். 'அதற்குக் கால் வலிக்கிறது' என்பது லெ துவேலே லா பாத்தா. 'நான் அதற்குச் சாப்பிடக் கொடுக்கிறேன்' என்பது லெ தொய் தே கொமேர். மூன்று வாக்கியங்களிலும் வரும் லெ என்ற சிறுசொல்லை 'அதற்கு' என்றே மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

இதைவிட நுட்பமான ஒற்றுமை இரண்டாம் வேற்றுமையில் இருக்கிறது. 'நாய் தேடுகிறேன்' என்பதற்கும் 'என் நாயைத் தேடுகிறேன்' என்பதற்கும் உள்ள வேறுபாடு நமக்கு யாரும் சொல்லித்தராமலே தெரியும்: முன்னது ஏதாவதொரு நாய், பின்னது குறிப்பிட்ட, நமக்குரிய நாய். ஸ்பானியர் அதே வேறுபாட்டை அ என்ற இடைச்சொல்லால் காட்டுகிறார்கள். பூஸ்கோ உன் பேறோ என்றால் வளர்ப்பதற்கு நாய் தேடுகிறேன். பூஸ்கோ அ மி பேறோ என்றால் காணாமற்போன என் நாயைத் தேடுகிறேன். இந்த அ பொதுவாக மனிதர்களைக் குறிக்கும் பெயர்களுக்கு முன்னால் வருவது. மேசைக்கும் நாற்காலிக்கும் வருவதில்லை. நம்மோடு வாழும் பிராணிக்கு அந்த இடத்தை மொழியே கொடுத்திருக்கிறது. கியேரோ என்ற வினையில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். கியேரோ ஊனா காத்தா என்றால் எனக்கு ஒரு பெண் பூனை வேண்டும். கியேரோ அ மி காத்தா என்றால் என் பூனையை நேசிக்கிறேன். ஸ்பெயினில் 2021 டிசம்பரில் இயற்றப்பட்ட 17/2021 எண் சட்டம், உரிமையியல் சட்டத்தொகுப்பைத் திருத்தி, விலங்குகளை உணர்வுடைய உயிர்கள் என்று வரையறுத்தது. மக்களின் நாவில் நெடுங்காலமாக இருந்த எண்ணம் சட்டத்துக்கும் வந்து சேர்ந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆண்பால், பெண்பால், குணம்

ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் எல் அல்லது லா என்ற முன்னொட்டோடு சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள். தனியாகக் கற்ற சொல்லுக்குப் பின்னால் பால் சேர்ப்பது கடினம். எல் காத்தோ ஆண் பூனை, லா காத்தா பெண் பூனை. பேறோவின் பெண்பால் பேறா என்றாலும், அது பெண்களைத் திட்டும் சொல்லாகவும் வழங்குவதால், பிறர் வளர்க்கும் நாயைப் பேறீத்தா என்று சொல்வது பாதுகாப்பு. இந்த ஈத்தோ, ஈத்தா விகுதி சிறுமையையும் செல்லத்தையும் குறிக்கும்: கத்தீத்தோ பூனைக்குட்டி அல்லது செல்லப் பூனை. நாய்க்குட்டிக்குக் கச்சோறோ என்ற தனிச்சொல்லும் உண்டு. ஆமை (லா தொர்த்தூகா) போன்ற சிலவற்றுக்கு ஆணானாலும் பெண்ணானாலும் ஒரே சொல்தான். வேண்டுமானால் மாச்சோ, ஏம்ப்ரா என்று பின்னால் சேர்க்கலாம். மஸ்கோத்தாவும் எப்போதும் பெண்பாலே. தொட்டியில் நீந்தும் மீன் பேஸ், தட்டில் இருப்பது பெஸ்காதோ, இவ்விரண்டையும் மாற்றிவிடாதீர்கள்.

பண்புச்சொல் பெரும்பாலும் பெயருக்குப் பின்னால் வந்து, பாலுக்கேற்ப மாறும். கரிஞோஸோ என்றால் பாசமான, ஹுகெத்தோன் விளையாட்டுப் புத்தியுள்ள, த்ரபியேஸோ சேட்டைக்கார, த்ரன்கீலோ அமைதியான, மியெதோஸோ பயந்த சுபாவமுள்ள. 'இருக்கிறது' என்பதற்கு இரண்டு வினைகள் இருப்பதுதான் இங்கே சிக்கல்: நிலையான குணத்துக்கு எஸ், அந்த நேரத்து நிலைக்கு எஸ்தா. மி பேறோ எஸ் த்ரன்கீலோ என்றால் என் நாய் சாதுவானது; மி பேறோ எஸ்தா த்ரன்கீலோ என்றால் இப்போது அமைதியாக இருக்கிறது. லீஸ்தோ என்ற சொல்லில் பொருளே மாறிவிடும். எஸ் லீஸ்தோ என்றால் புத்திசாலி, எஸ்தா லீஸ்தோ என்றால் தயாராக இருக்கிறது. உடம்பு சரியில்லை என்பது எஸ்தாவோடுதான் வரும்.

கால்நடை மருத்துவரிடம்

இந்தப் பகுதியை மட்டும் தடுமாற்றமில்லாமல் சொல்லும் அளவுக்குப் பழகிக்கொள்ளுங்கள், ஏனென்றால் இங்கே தவறான சொல்லுக்கு விலை கொடுப்பது வாயில்லா உயிர். மருத்துவர் ஆணானால் பெத்தெரினாரியோ, பெண்ணானால் பெத்தெரினாரியா. மி பேறோ எஸ்தா என்ஃபேர்மோ (என் நாய்க்கு உடம்பு சரியில்லை) என்று தொடங்கி, காண்பதை ஒவ்வொன்றாகச் சொல்லலாம். நோ கோமே தேஸ்தே அயேர்: நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. இதற்கு ஸ்பானியர் நிகழ்கால வினையையே பயன்படுத்துகிறார்கள். ஆ வொமித்தாதோ: வாந்தி எடுத்திருக்கிறது. தியேனே தியறேஆ: வயிற்றுப்போக்கு. கொஹேஆ: நொண்டுகிறது. உண்ணிக்குக் கறப்பாத்தா, தெள்ளுப்பூச்சிக்குப் பூல்கா.

அவர் கேட்கக்கூடியவற்றுள் முக்கியமானது எஸ்தா பக்குனாதோ? என்பது, தடுப்பூசி போட்டாயிற்றா என்று பொருள். வெறிநாய்க்கடி நோய் றாபியா, அதற்கான தடுப்பூசி லா பக்கூனா கோன்த்ரா லா றாபியா. கருத்தடை செய்யப்பட்டிருந்தால் எஸ்தா எஸ்தெரிலிஸாதோ. உடலுறுப்புகளில் பாத்தா (விலங்கின் கால், மனிதனின் காலுக்கு இந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது), கோலா (வால்), ஒரேஹா (காது), ஓஹோ (கண்), ஒஸீக்கோ (மூக்கும் வாயும் சேர்ந்த முன்முகம்), ஊஞா (நகம்), பறவைக்குப் பீக்கோ (அலகு), ஆலா (சிறகு) ஆகியவை போதும்.

கட்டளைகளும் வட்டார வேறுபாடுகளும்

நாயிடம் பேசுவது ஒருமையில்தான். பேன் என்றால் வா, ஸியேன்த்தத்தே உட்கார், கியேத்தோ அசையாதே, தாமே லா பாத்தா கை கொடு, ஸுவேல்த்தா வாயில் இருப்பதை விடு. சொன்னபடி செய்தால் முய் பியேன்! என்று பாராட்ட வேண்டும். அர்ஜென்டினாவில் அழுத்தம் இடம் மாறிப் பெனீ, ஸென்த்தாத்தே என்று கேட்கும்.

கடையில் வாங்கும் உலர் தீவனத்துக்கு நாட்டுக்கு நாடு பெயர் வேறு. ஸ்பெயினில் பியேன்ஸோ, மெக்சிகோவில் க்ரொக்கேத்தாஸ், அர்ஜென்டினாவில் அலிமேன்த்தோ பலன்ஸெஆதோ. ஸ்பெயினில் க்ரொக்கேத்தாஸ் என்று கேட்டால் மனிதர்கள் உண்ணும் பொரித்த பலகாரம்தான் கிடைக்கும் என்பதால், போகும் நாட்டின் சொல்லை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். கயிற்றுக்குக் கொறேஆ, கழுத்துப்பட்டைக்குக் கொயார், கூண்டுக்கு ஹாவ்லா, விளையாட்டுப் பொருளுக்கு ஹுகேத்தே என்பவை ஏறக்குறைய எல்லா இடங்களிலும் புரியும்.

இறந்துபோன பிராணியைப் பற்றியும் பேச்சு வரும். முரியோ எல் ஆஞோ பஸாதோ (சென்ற ஆண்டு இறந்துவிட்டது) என்று ஒருவர் சொன்னால், லோ ஸியேன்த்தோ மூச்சோ (மிகவும் வருந்துகிறேன்) என்று சொல்லிச் சற்றுப் பொறுத்திருங்கள். அடுத்த கேள்விக்கு உடனே தாவ வேண்டாம்.

பயிற்சி செய்யும் முறை

சொற்பட்டியலை எழுதிச் சுவரில் ஒட்டுவதைவிட, உங்களுக்குத் தெரிந்த ஒரே ஒரு பிராணியை எடுத்துக்கொண்டு அதைப் பற்றி மட்டும் நாள்தோறும் வாய்விட்டுப் பேசுங்கள். பெயர், வயது, நிறம், குணம், பிடித்தது, இன்று எப்படி இருக்கிறது என்ற ஆறு செய்திகளும் மேலே கண்ட அமைப்புகளில் அடங்கிவிடும். தடையில்லாமல் வந்ததும், ஆணைப் பெண்ணாக்கியும் ஒன்றை இரண்டாக்கியும் அதே பத்தியைத் திரும்பச் சொல்லுங்கள். பால், எண் மாற்றங்கள் இப்படித்தான் நாவில் படியும்.

வாசிப்புப் பயிற்சிக்கு, ஸ்பானிய மொழி வழங்கும் ஊர்களின் விலங்குக் காப்பகங்கள் வெளியிடும் தத்தெடுப்பு அறிவிப்புகளைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. வாக்கியங்கள் சிறியவை, சொற்கள் திரும்பத் திரும்ப வருபவை, பக்கத்திலேயே படமும் இருக்கும். காப்பகத்தின் பெயர் றெஃபூஹியோ. ஸ்பெயினில் ப்ரொத்தெக்தோரா என்றும் காணலாம். ஸெ யேவா பியேன் கொன் ஓத்ரோஸ் பேறோஸ் என்ற தொடர் ஏறக்குறைய ஒவ்வோர் அறிவிப்பிலும் இருக்கும். மற்ற நாய்களோடு நன்றாகப் பழகும் என்று பொருள். அதில் பேறோஸ் இருந்த இடத்தில் காத்தோஸ் என்றோ, குழந்தைகளைக் குறிக்கும் நீஞோஸ் என்றோ போட்டு நீங்களே இரண்டு புதிய வாக்கியங்களை அமைத்துவிட்டு, அடுத்த அறிவிப்புக்குச் செல்லுங்கள்.